உளுந்தஞ்சோற்றில் என் பங்கு

தரையில் பழைய செய்தித்தாளை விரித்து, தகரப் பெட்டியைத் திறந்து தராசை வெளியே எடுத்தேன். அரிசியை நிறுத்தாயிற்று. உளுந்தையும் நிறுத்தாயிற்று. பூண்டு பாக்கி. அதற்குள் இசக்கி ஸ்டவ்வின் மேல் இரும்புச் சட்டியை ஏற்றி உளுந்தை வறுக்க ஆரம்பித்துவிட்டாள்.

தோலோடு உடைத்த கறுப்பு உளுந்து. சூடேறக் கிளம்பிய வாசனை அந்தச் சின்னச் சமையலறையை நிறைத்தது. பூனாவை அடுத்த தேஹு ரோடு ராணுவ டெப்போ குவார்ட்டர்ஸில் சமையலறை என்பது இரண்டு பேர் உட்கார்ந்தால் மூன்றாவது ஆள் வாசலில் நிற்க வேண்டிய இடம். நான் பூண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

"என்னக்கா, தல சுத்துதா? தண்ணி தரட்டா?"

"ஒண்ணுமில்ல. பூண்டு எவ்வளவு போடப் போற?"

"ஒரு கை அள்ளிப் போடுவேன். இதுக்குப் பூண்டுல கணக்குப் பாக்கக் கூடாதுக்கா."

எனக்குக் கணக்குப் பார்ப்பதுதான் உத்தியோகம். நிறுத்தேன், எழுதிக்கொண்டேன். அப்புறம் மெதுவாக, "உளுந்தஞ்சோறா?" என்று கேட்டேன்.

அவள் கரண்டியோடு திரும்பினாள். "உங்களுக்குத் தெரியுமா? நீங்க பூனாக்காரின்னுல்லா நெனச்சேன்!"

"எங்கம்மாவுக்கு நாசரேத்து."

"அப்போ நம்ம பக்கம்லா! இருந்து சாப்பிட்டுட்டுத்தான் போகணும். எள்ளுத் துவையலும் அரைக்கப் போறேன்."

"கூடாது இசக்கி. எங்க வேலையில அது சட்டம்."

"சோறு திங்கக் கூடாதுன்னு ஒரு சட்டமா?" என்று அவள் மூக்கின் மேல் விரலை வைத்தாள். நான் ஊறிய எச்சிலை விழுங்கிவிட்டுத் தேங்காயைத் தட்டில் வைத்தேன்.

தராசு தூக்கியவள்

எழுபதுகளின் கடைசிப் பக்கம் அது. ஹோம் சயின்ஸ் படித்துவிட்டு, டீச்சர் வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருந்த காலம். கர்ப்பிணிகள் தினமும் உண்மையில் என்ன சாப்பிடுகிறார்கள், அதற்கும் பிறக்கும் பிள்ளையின் எடைக்கும் என்ன சம்பந்தம் என்று பார்க்கிற ஓர் ஆராய்ச்சியில் ஆள் எடுத்தார்கள். போய்ச் சேர்ந்துகொண்டேன். கையில் ஒரு தகரப் பெட்டியைக் கொடுத்தார்கள். உள்ளே தராசு, எடைக்கற்கள், அளவுக் கிண்ணங்கள். லோக்கல் ரயிலில் அதை மடியில் வைத்துக்கொண்டு போனால், "என்ன வாத்தியம்?" என்று யாராவது கேட்பார்கள்.

வேலை எளிது. காலையில் போய் அன்று சமைக்கப் போகிற பொருளையெல்லாம் நிறுக்க வேண்டும். சாயங்காலம் திரும்பப் போய் யார் யார் சாப்பிட்டார்கள், மிச்சம் உண்டா என்று கேட்க வேண்டும். ஆட்களுக்குப் பங்கு பிரித்தால் அந்தப் பெண்ணின் வயிற்றுக்குப் போனது என்னவென்று தெரிந்துவிடும். பங்கு குறைகிற பெண்களுக்குக் கடலையும் வெல்லமும் சேர்த்துப் பிடித்த லாடு தினமும் வரும். லாடு குறைவு, வாங்க வேண்டியவர்கள் அதிகம். பங்கு போதுமான அளவு வருகிறவர்களை நிறுத்திவிட்டு அடுத்தவர்களுக்குக் கொடுப்பார்கள்.

எளிது என்று சொன்னது வாய்தவறி. நாங்கள் வருகிறோம் என்று தெரிந்ததும் ஒரு வீட்டில் தயிரும் சர்க்கரையும் குழைத்த ஸ்ரீகண்ட் செய்து வைத்திருந்தார்கள். "தினமும் இதைத்தான் சாப்பிடுவீர்களா?" என்று கேட்டால், மாமியார் கண் இமைக்காமல் "தினமும்" என்றாள். மருமகள் பின்னால் நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

இன்னொரு வீட்டுப் பெண் காலையிலிருந்து ஒன்றுமே சாப்பிடவில்லை என்று சத்தியம் செய்தாள். கிளறிக் கேட்டால் மூன்று முறை டீயும் தொட்டுக்கொள்ள உப்பு பிஸ்கட்டும் ஆகியிருந்தது. "அது டீதானே, சாப்பாடா?" என்றாள். நேற்று என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் எல்லாப் பெண்களும் நேற்று என்ன சமைத்தேன் என்றுதான் சொல்வார்கள். இரண்டுக்கும் எவ்வளவு தூரம் என்று அந்த வேலையில்தான் தெரிந்துகொண்டேன்.

போகிற வீட்டில் நாங்கள் எதையும் வாயில் வைக்கக் கூடாது. தண்ணீர் குடிக்கலாம். எங்கள் தலைவி ஒரு மராத்தி டாக்டர். மேடம் என்போம். முதல் நாளே தெளிவாகச் சொல்லிவிட்டார். "உனக்குப் போட்டால் அவள் தனக்குக் குறைத்துக்கொள்வாள். நீ அங்கே தின்கிற ஒவ்வொரு வாயும் அவள் வயிற்றிலிருந்து எடுத்தது." அதில் நியாயம் இருந்தது.

அப்பாவின் பருப்பு

அம்மா போனதைப் பற்றி இந்தப் பத்தியில் நாலைந்து வாரம் முன்பே எழுதிவிட்டேன். திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. அவள் போன பிறகு பூனா கிர்க்கியில் எங்கள் வீட்டில் அப்பாவும் நானும்தான்.

அப்பா கண்டோன்மென்ட் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். நான் ஊர் சுற்றி அடுத்த வீட்டு அடுப்புகளை எட்டிப் பார்த்துவிட்டு வருவதற்குள் அவரே சமைத்து வைத்திருப்பார். அவர் வைக்கும் பருப்பில் பருப்பும் தண்ணீரும் ஒரே கிண்ணத்தில் இருந்தும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளாது. அதையும் பாவ் ரொட்டியையும் முன்னால் வைத்துக்கொண்டு நீளமாக ஜெபம் செய்வார். அந்தச் சாப்பாட்டுக்கு அவ்வளவு நீள ஸ்தோத்திரம் அதிகம் என்று நான் மனசுக்குள் நினைத்துக்கொள்வேன்.

நீயே உளுந்தஞ்சோறு ஆக்கியிருக்கலாமே, ஹோம் சயின்ஸ் வேறு படித்திருக்கிறாயே என்று கேட்பீர்கள். ஆக்கினேன். அம்மா செய்யும்போது பக்கத்தில் நின்று பார்த்ததே கிடையாது, வாசனை வந்ததும் தட்டோடு வந்து நின்றவள் நான். வெந்தயத்தைக் கருக்கி, சோற்றைக் கூழாக்கி அப்பாவுக்கு வைத்தேன். இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு, "மருந்து மாதிரி நல்லாருக்கும்மா" என்றார். அதோடு விட்டுவிட்டேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு வேண்டியது சோறு மட்டுமில்லை. நான் உட்கார்ந்திருக்க, யாராவது ஒருத்தி அதை என் தட்டில் வைக்க வேண்டும். ஊரெல்லாம் போய் சாப்பிட்டாயா, என்ன சாப்பிட்டாய் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். என்னைக் கேட்க ஆள் இல்லை. அந்த ஏக்கம் சிறுபிள்ளைத்தனமாகக்கூடத் தோன்றலாம். எனக்கு அது பெரிதாகத்தான் இருந்தது.

இசக்கி வீட்டில் உளுந்து வறுபட்ட அன்றைக்குச் சாயங்காலம் அப்பாவிடம், "இன்னைக்கு ஒரு வீட்டுல உளுந்தஞ்சோறுப்பா" என்றேன்.

பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "எள்ளுத் துவையல் உண்டா?"

"உண்டு."

"தேங்கா போட்டாளா?"

"போட்டா."

"ம்" என்று சொல்லிவிட்டுக் குனிந்துகொண்டார். சிவப்புப் பேனா வெகுநேரம் ஒரே கணக்கின் மேல் நின்றது.

இசக்கி

இசக்கியம்மாளுக்கு ஸ்ரீவைகுண்டத்துப் பக்கம். கல்யாணமாகி நேரே தேஹு ரோட்டுக்கு வந்தவள். புருஷன் டெப்போவில் வேலை, வாயைத் திறந்து பேசாத நல்ல மனிதர். பக்கத்து வீட்டில் சாந்தாபாய். இசக்கிக்கு மராத்தி வராது, சாந்தாபாய்க்குத் தமிழ் வராது. இரண்டு பேரும் நாள் முழுக்கப் பேசிக்கொண்டிருப்பார்கள். கையால் பாதி, பாத்திரத்தால் பாதி. அங்கிருந்து ஒரு பாக்ரி ரொட்டி வரும், இங்கிருந்து ஒரு கிண்ணம் குழம்பு போகும்.

ஒருநாள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னாள். "மொதப் பிள்ள எலிக்குஞ்சு மாதிரி இருந்துச்சுக்கா. ஒரு வாரங்கூடத் தங்கல."

அவள் கல் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

"இது நல்லா வரும்லாக்கா?"

"வரும். லாடை யாருக்கும் கொடுக்காம நீயே தின்னு."

"அவுகளுக்குக்கூடக் குடுக்க மாட்டேன்" என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். அவளுக்கு அந்த லாடுதான் மருந்து, மந்திரம் எல்லாம். என் எதிரில் ஒரு துணுக்கு சிந்தாமல் தின்பாள்.

ஆனால் கணக்கு வேறு மாதிரி வந்தது. இரண்டு பேர் உள்ள வீட்டில் அரிசியும் உளுந்தும் தாராளமாக வேகிறது. சாயங்காலம் கேட்டால் மிச்சமில்லை என்கிறாள். பங்கு பிரித்தால் இசக்கி நன்றாகச் சாப்பிடுகிறவளாகத் தெரிந்தாள். மேடம் பார்த்துவிட்டு, "இவளுக்குப் போதும். லாடை நிறுத்தி வேறொருத்திக்குக் கொடு" என்றார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. அவளுடைய கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தால் உள்ளே வெளுத்துக் கிடந்தது. முழங்கையில் எலும்பு தெரிந்தது. இவ்வளவு சோறும் எங்கே போகிறது? இன்னும் கொஞ்ச நாள் பார்க்கிறேன் மேடம் என்று கெஞ்சி அவகாசம் வாங்கினேன்.

மூடி வைத்த தட்டு

அடுத்த தடவை போனபோது, காலையில் அவள் வீட்டில் நிறுத்துவிட்டு வேறு வீட்டுக்குப் போனேன். அங்கே பூட்டுத் தொங்கியது. வெயிலில் எங்கே போவது என்று மத்தியானமே இசக்கி வீட்டுக்குத் திரும்பிவிட்டேன். அவள் அப்போதுதான் சாப்பிட உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

அலமாரியில் ஒரு தட்டின் மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்து மூடி வைத்திருந்தது. திறந்தேன். உளுந்தஞ்சோறு, குவியலாக. ஓரத்தில் எள்ளுத் துவையல்.

"இது யாருக்கு?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "உங்களுக்குத்தான்."

"எனக்கா?"

"மொத நாளு பூண்டக் கையில வச்சுகிட்டு எச்சி முழுங்குனியள்லா, நான் பாத்தேன். அன்னையில இருந்து நீங்க வார அன்னைக்கெல்லாம் ஒரு ஆளுக்குக் கூடப் போடுதேன். என்னைக்காவது மனசு எளகிச் சாப்பிட மாட்டியளான்னு."

"மிச்சமில்லன்னு சொன்னியே?"

"நீங்க போனப் பொறவு சாந்தாக்காவுக்குக் குடுத்துருவேன். வீட்டுக்கு வந்தவுகளுக்கு எடுத்து வச்சத மிச்சம்னு சொல்லுவாகளாக்கா?"

அவள் தட்டைப் பார்த்தேன். எனக்கு எடுத்து வைத்திருந்த குவியலில் பாதிகூட இல்லை. கூடப் போட்டது குவியலுக்குப் போதாமல் தன் பங்கிலிருந்தும் எடுத்திருக்கிறாள். மேடம் சொன்னது அப்படியே நடந்திருக்கிறது. நான் ஒரு வாய்கூடத் தின்னாமலே நடந்திருக்கிறது.

உட்கார்ந்து எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். கூடப் போட்ட அந்தக் கைப்பிடி அரிசியால்தான் அவள் நிறையச் சாப்பிடுகிறவளாகக் கணக்கில் வருகிறாள் என்று. லாடு நிற்கப் போகிறது என்று. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயோ, எம்பிள்ளைக்கு வாரத நானே கெடுத்துட்டனா?"

"இன்னும் கெடல. நான் சொல்லிச் சரிபண்ணிருவேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு மூடியிருந்த தட்டை என் பக்கம் தள்ளினாள். "போட்டது போட்டாச்சு. இன்னைக்கு ஒரு நாளு மட்டும் சாப்பிடுங்கக்கா."

அந்தத் துவையலை ஒரு விரலால் தொட்டு நக்கியிருந்தால் ஆராய்ச்சி குடைசாய்ந்திருக்காது. தெரியும். ஆனால் பக்கத்தில் அவளுடைய சின்னக் குவியல் இருந்தது. தட்டை அவள் பக்கமே நகர்த்தினேன்.

"ரெண்டையும் நீ சாப்பிடு. நான் பாக்கணும்."

என்னைத் திட்டிக்கொண்டே, அழுதுகொண்டே அவள் இரண்டு தட்டையும் சாப்பிட்டாள். நான் எதிரில் உட்கார்ந்து கடைசிப் பருக்கைவரை பார்த்தேன். என் வாழ்க்கையில் எதற்கும் அவ்வளவு ஆசைப்பட்டதில்லை, அதற்குப் பிறகும் இல்லை.

கிளம்பும்போது சொன்னேன். "இந்த ஆராய்ச்சி முடியட்டும் இசக்கி. முடிஞ்ச மறுநாளே வந்து உக்காருவேன். நீ போடு."

"அப்பாவையும் கூட்டிட்டு வாங்க. வயித்தக் காயப்போட்டுட்டு வரணும், சொல்லிட்டேன்."

மேடத்திடம் சொன்னபோது முதலில் சிரித்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, எழுதிய கணக்கையெல்லாம் திரும்பப் புரட்டினார். அதிலிருந்து எல்லா வீட்டிலும் அந்தப் பெண்ணின் தட்டையே நேராக நிறுக்க வேண்டும் என்று ஏற்பாடானது. இசக்கிக்கு லாடு நிற்கவில்லை.

பூட்டு

பெண் குழந்தை பிறந்தது. எலிக்குஞ்சு இல்லை, கன்னமெல்லாம் வைத்த பிள்ளை. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்ததும் இசக்கி, "தராசக் கொண்டு வந்தியளா?" என்று கேட்டுச் சிரித்தாள்.

பிள்ளை பிறந்து சில மாதம்வரை தாயின் சாப்பாட்டையும் பார்க்க வேண்டும் என்பது ஏற்பாடு. அதை இன்னொருத்தியிடம் ஒப்படைத்துவிட்டு என்னைக் கடக்வாஸ்லா அணைப் பக்கத்து வீடுகளுக்கு மாற்றினார்கள். அணைக்காற்றில் தராசு ஓரிடத்தில் நிற்காது. கதவைச் சாத்திக்கொண்டு நிறுக்கும்போதெல்லாம் தேஹு ரோட்டுச் சமையலறை நினைப்பு வரும். பொறு, இன்னும் கொஞ்ச நாள்தான் என்று வயிற்றுக்குச் சொல்லிக்கொள்வேன்.

ஒரு வழியாக எல்லாம் முடிந்தது. தகரப் பெட்டியை ஒப்படைத்தேன். மறுநாள் காலை கிளம்பும்போது அப்பாவைக் கூப்பிட்டேன். முன்பின் தெரியாத வீட்டில் போய் எப்படிச் சாப்பிடுவது என்று கூச்சப்பட்டார். ஆனால் டிபன் கேரியரை அவரே கழுவித் துடைத்துக் கையில் கொடுத்தார். எள்ளுத் துவையலுக்குத் தனி அடுக்கு என்று காட்டினார்.

இசக்கி வீட்டுக் கதவில் பூட்டுத் தொங்கியது. ஜன்னலில் திரை இல்லை. உள்ளே எட்டிப் பார்த்தால் வெறும் தரை. புருஷனுக்குத் திடீரென்று ஆவடிக்கு மாற்றல் வந்து, போய்ப் பத்துப் பதினைந்து நாள் ஆகிவிட்டது என்று எதிர்வீட்டில் சொன்னார்கள். இசக்கிக்கு எழுதப் படிக்க வராது. எனக்கு எப்படிச் சொல்லி அனுப்புவாள்?

காலிக் கேரியரோடு வெயிலில் நின்றேன். இருபது வயது தாண்டியவள், ஒரு தட்டுச் சோற்றுக்காக நடுத்தெருவில் அழப் போகிறேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

"வஜன்வாலி!"

தராசுக்காரிக்கு அந்தத் தெருவில் அதுதான் பெயர். சாந்தாபாய் தன் வாசலில் நின்றிருந்தாள். என் முகத்தைப் பார்த்தாள், கேரியரைப் பார்த்தாள்.

"ஜேவ்லீஸ் கா?" என்று கேட்டாள்.

சாப்பிட்டாயா என்று அர்த்தம். நான் ஊரெல்லாம் கேட்ட அதே கேள்வி. பதில் சொல்ல வாயைத் திறந்தேன், அழுகைதான் வந்தது.

கையைப் பிடித்து உள்ளே கூட்டிப் போய் உட்கார வைத்தாள். ஸ்டவ்வைப் பற்ற வைத்தாள். டப்பாவைத் திறந்து கறுப்பு உளுந்தை எடுத்துச் சட்டியில் போட்டாள். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

வறுத்துக்கொண்டே மராத்தியில் சொன்னாள். ஊருக்குக் கிளம்பிய அன்று இசக்கி அழுதுகொண்டே ஏதேதோ பேசினாளாம், ஒரு வார்த்தை புரியவில்லையாம். அப்புறம் இரண்டு கையையும் தராசு மாதிரி மேலும் கீழும் ஆட்டிக் காட்டினாளாம். உளுந்து டப்பாவைத் தூக்கி இவள் கையில் கொடுத்துவிட்டு, தட்டைக் காட்டி, வாயைக் காட்டினாளாம். "அது புரிந்தது" என்றாள் சாந்தாபாய்.

சோறு வெந்தது. தட்டில் வைத்து என் முன்னால் நகர்த்தினாள்.

"ஹா துஜா வாட்டா" என்றாள். இது உன் பங்கு. "இத்தனை நாள் உன் பங்கை நான்தான் சாப்பிட்டேன். இன்றைக்கு நீ சாப்பிடு."

முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது, இது அம்மாவுடையது இல்லை. வெல்லம் போட்டிருந்தாள். கடலைப் பொடி தூவியிருந்தாள். தேங்காய்க்குப் பதில் கொப்பரை. எள்ளுத் துவையல் என்று வைத்தது மிளகாய்ப் பொடியோடு சேர்த்து இடித்த எள்ளு. ஆனால் உள்ளே எங்கோ அந்த உளுந்தும் பூண்டும் இருந்தன. தட்டை வழித்துச் சாப்பிட்டேன். இன்னும் வேண்டும் என்று கேட்டும் வாங்கிக்கொண்டேன். மிச்சத்தைச் சாந்தாபாய் கேரியரில் அடைத்துக் கொடுத்தாள்.

இசக்கியை அதற்குப் பிறகு நான் பார்க்கவே இல்லை. ஆவடியைத் தாண்டும் ரயிலில் இருந்தால் இன்றைக்கும் பிளாட்பாரத்தில் கண் தேடும். அந்தப் பெண் குழந்தையே இப்போது பிள்ளை பெற்றிருப்பாள்.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா கேரியரைத் தானே திறந்தார். எப்போதும் நீளும் ஜெபம் அன்று ஒரே வரியில் முடிந்துவிட்டது. ஒரு வாய் எடுத்து வைத்து மெதுவாக மென்றார்.

"இது நம்ம உளுந்தஞ்சோறு இல்லியே, எஸ்தரு."

"இல்லப்பா."

"வெல்லம் கெடக்கு."

"ஆமாப்பா."

"கடல வேற."

அவர் இன்னொரு வாய் சாப்பிட்டார், இன்னொன்று. துவையலைத் தொட்டுக்கொண்டார். தட்டு காலியானதும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா போன பிறகு அவர் எந்தச் சாப்பாட்டையும் இரண்டாம் தரம் கேட்டதில்லை.

தட்டை என் பக்கம் நகர்த்தினார்.

"இன்னுங் கொஞ்சம் வையி."